வால்டெமிரின் இடது முழங்கால்

நவம்பர் 11, 2019. திங்கள்

பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பிரேசில்காரனை அழைத்து வந்தேன். மலப்புறத்தில் ஏழு பேர் ஆட்டம் நடத்தும் ஒரு குழு அவனைக் கழற்றிவிட்டிருக்கிறது. "ஒறிஜினல் பிரேசிலாக்கும் சாரே" என்று அங்குள்ள தரகர் போனில் சொன்ன நாளிலிருந்தே எங்கள் நெடுந்துறை கால்பந்துக் குழுவில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. உலகக் கோப்பை வந்தால் கோயில் கொடிமரத்தைவிட உயரமாகப் பிரேசில் கொடி கட்டுகிற ஊர் இது. குழுச் செயலாளன் என்கிற முறையில் நானும் துள்ளினேன், மறைப்பானேன்.

ரயிலிலிருந்து இறங்கியவனுக்கு முன்தலையில் முடி இல்லை. முப்பத்தேழு வயதாம். பெயர் வால்டெமிர். படிக்கட்டில் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, வலது காலை முதலில் வைத்து, பிறகு இடது காலைச் சேர்த்துக்கொண்டான். இருபத்திரண்டு வருடம் பி.டி. வாத்தியாராக இருப்பவனுக்கு அது என்னவென்று தெரியாதா? நீண்ட பயணம், கால் மரத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் "புரொஃபெசோர்" என்று கூப்பிடுகிறான். அவர்கள் நாட்டில் பயிற்சியாளரை அப்படித்தான் அழைப்பார்களாம். எங்கள் தலைமையாசிரியர் காதில் விழ வேண்டும்.

நவம்பர் 12. செவ்வாய்

கிறிஸ்துமஸ் கோப்பைக்கான விண்ணப்பத்தை நிரப்பினோம். ஒவ்வொரு ஊரும் வெளியாள் ஒருவரை ஆட வைக்கலாம். அவர் "முன்பு ஆடிய அணிகள்" எழுத மூன்று வரி விட்டிருக்கிறார்கள். வால்டெமிர் மூன்றையும் நிரப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். அதையும் நிரப்பினான். பதினேழு அணிகள், பதினொரு நாடுகள். பிரேசில், போர்ச்சுகல், சைப்ரஸ், கஜகஸ்தான், துனிசியா, பஹ்ரைன், வியட்நாம், இந்தோனேசியா, மாலத்தீவு, வங்கதேசம், இந்தியா.

பத்தொன்பது வயதில் ஊரை விட்டிருக்கிறான். போர்ச்சுகலில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தானாம். சைப்ரஸில் ஒரே பருவத்தில் இருபத்திரண்டு கோல். அடுத்த வருடம் பயிற்சியாளர் மாறினார், வந்தவருக்கு உயரமான ஃபார்வேர்ட் வேண்டியிருந்தது. கஜகஸ்தானில் உறைந்த தரையில் விழுந்து இடது முழங்காலில் அறுவை. அதற்குப் பிறகு எங்கும் ஒரு பருவத்துக்கு மேல் தங்கவில்லை. பஸ் நடத்துநர் நிறுத்தங்களைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னான்.

"அதிகம் பிடித்த ஊர் எது?" என்று கேட்டேன்.

"ஊர் பார்த்ததில்லை புரொஃபெசோர். மைதானம், அறை, விமான நிலையம்."

நவம்பர் 14. வியாழன்

நம் ஆட்கள் அவனுக்கு மொழிபெயர்க்க என்னைத் தேடுவார்கள் என்று நினைத்தேன். தேவையே இல்லை. பாதிப் பேர் பஹ்ரைனில் படகு ஓட்டியவர்கள், அவனும் அங்கே ஆடியவன். கடற்கரையில் உட்கார்ந்து அரபியில் பேசிக்கொள்கிறார்கள். அவன் மீனைத் தொட்டு "சமக்" என்கிறான், இவர்கள் "ஐவா, ஐவா" என்று ஆமாம் போடுகிறார்கள். அரபிக்காரன் கேட்டால் அழுதுவிடுவான்.

அவனுக்குப் பத்து மொழிகளில் "நாளை" என்ற சொல் தெரியும். விசா எப்போது வரும், டாக்டர் எப்போது வருவார், என்னை எப்போது ஆட வைப்பீர்கள் என்று கேட்டால் எல்லா நாட்டிலும் கிடைத்த பதில் அதுதானாம். தமிழில் அதற்கு என்ன என்று கேட்டான். சொன்னேன்.

நவம்பர் 19. செவ்வாய்

பயிற்சி. ஓடுவதே இல்லை. நடக்கிறான். நம் கேப்டன் பெல்லார்மின் என்னிடம் வந்து, "பி.டி. சாரே, இவன் ஆட வந்தானா, காத்து வாங்க வந்தானா?" என்று கேட்டான். அடுத்த நிமிடம் பெல்லார்மின் கண்ணெதிரே வால்டெமிர், வலது பக்கத்திலிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் விழுமுன் கோல் மூலையில் போட்டான். கோல் காப்பாளன் அசையவில்லை. பெல்லார்மின் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். நானும்தான். இந்த ஊர் மைதானத்தில் இரண்டு வருடமாக யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பயிற்சி முடிந்து அவன் முழங்காலில் ஐஸ் வைத்தான். எல்லோரும் வைப்பதுதான்.

நவம்பர் 24. கிறிஸ்து அரசர் ஞாயிறு

எங்கள் ஊரில் இன்றுதான் பெயர் வாசிப்பது. பூசை முடிந்ததும் பங்குத்தந்தை பீடத்தில் நின்று கோப்பைக்கு ஆடும் பதினொருவரின் பெயரையும் வாசிப்பார். வாசித்த பெயரை அப்புறம் அடிப்பதில்லை. 2008இல் எனக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு, அப்படியும் ஆடினேன். கடையந்துறைக்கு எதிரே இறுதி ஆட்டத்தில் பெனால்ட்டியை வெளியே அடித்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை நாங்கள் அவர்களை ஜெயித்ததில்லை. அந்தப் பெனால்ட்டிக்கும் காய்ச்சலுக்கும்தான் சம்பந்தம், வேறொன்றுமில்லை.

2017இல் பெயர் வாசித்த நாலாம் நாள் ஒக்கிப் புயல் வந்தது. என் மனைவி கில்டாவின் தம்பி செசில் எங்கள் ஒன்பதாம் எண். படகில் போன ஐந்து பேரும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த வருடம் கோப்பை நடக்கவில்லை. போன வருடம் நாங்கள் பெயரே கொடுக்கவில்லை.

இன்று டயனீசியுஸ் ஃபாதர் பதினோராவது பெயராக "வால்டெமிர்" என்று வாசித்தார். பின்வரிசையில் நின்ற அவன் ஞானஸ்நானத்துக்கு வந்தவன்போல் தலைகுனிந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கில்டா பெட்டியிலிருந்து செசிலின் ஒன்பதாம் எண் ஜெர்சியை எடுத்தாள். துவைத்து, தேய்த்து, மடித்து என் கையில் கொடுத்தாள். அவள் இரண்டு வருடமாக அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை.

"அவருக்கு அளவு பாகமா இருக்கும். உடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

டிசம்பர் 3. செவ்வாய்

வால்டெமிர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னான். அவனுடன் சைப்ரஸில் ஆடிய எல்தர் என்கிற போர்ச்சுகல்காரர் இப்போது தாய்லாந்தில் ஓர் இரண்டாம் பிரிவு அணிக்குப் பயிற்சியாளர். ஜனவரி 10ஆம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கிறார். ஒரு பருவம் ஆட வேண்டும், பிறகு அங்கேயே சிறுவர் அணிக்குப் பயிற்சியாளராக இருக்கலாம். நாலு வருட ஒப்பந்தம். முழங்கால் சரியாக இருந்தால் போதும்.

"நாலு வருடம், ஒரே ஊர்" என்றான். விரல்களை விரித்துக் காட்டினான்.

அவனுக்கு லுவானா என்று பதினான்கு வயது மகள். பாட்டியிடம் வளர்கிறாள். போன ஐந்து வருடத்தில் மொத்தம் பத்தொன்பது நாள் அவளைப் பார்த்திருக்கிறானாம். அங்கே ஒரு வீடு எடுத்து அவளைக் கூட்டிக்கொள்ளப் போகிறான். பள்ளிக்கூடம் மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதுவரை கேட்டு வைத்திருக்கிறான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே.

டிசம்பர் 8. ஞாயிறு

முதல் ஆட்டம். 2-0. இரண்டும் வால்டர். ஊருக்கு இப்போது அவன் வால்டர்தான். கில்டா "ஆரு கோல் போட்டது?" என்று வாசலில் நின்று கேட்டாள். மைதானத்துக்கு வரவில்லை.

டிசம்பர் 15. ஞாயிறு

அரையிறுதி. 1-0. இறுதிக்குப் போய்விட்டோம், இருபத்தெட்டாம் தேதி. எதிரில் கடையந்துறைதான், வேறு யார்.

எழுபதாம் நிமிடம் வால்டெமிர் விழுந்தான். பக்கத்தில் யாருமில்லை, யாரும் இடிக்கவில்லை. ஓடினவன் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தான். எழுந்து மிச்ச நேரம் கோலுக்கு எதிரே நின்றுகொண்டே ஆடினான். சாயங்காலம் முழங்கால் பனங்காய்போல் வீங்கிவிட்டது.

டிசம்பர் 16. திங்கள்

மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் நாளை. திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் முழங்காலில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது, "புரொஃபெசோர், எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடுங்கள். தாய்லாந்து முக்கியம். இறுதி ஆட்டம் எனக்கு முக்கியமில்லை, மன்னியுங்கள்" என்றான்.

டிசம்பர் 17. செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்புக்கு மேற்பார்வை. இரண்டு பேர் பார்த்து எழுதினார்கள், இடம் மாற்றி உட்கார வைத்தேன். மதியம் மார்த்தாண்டம் போய் ரிப்போர்ட்டும் படமும் வாங்கினேன். டாக்டர் ஐந்து நிமிடம் பேசினார். வழியில் சைக்கிள் பம்ப் ஒன்று பார்த்தேன், பள்ளிக்கு வேண்டும், வாங்கவில்லை.

வால்டெமிர் வாசலிலேயே நின்றிருந்தான். நீர் கோத்திருக்கிறது என்றேன். "லிகமென்ட்?" என்றான். நீர் மட்டும்தான் என்றேன். கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

நீர் கோத்திருப்பது பொய்யில்லை. ரிப்போர்ட்டில் மூன்றாவது வரி அதுதான்.

டிசம்பர் 18. புதன்

படத்தைக் கேட்டான், எல்தருக்கு அனுப்ப வேண்டுமாம். டாக்டர் வைத்துக்கொண்டார் என்றேன். சரி என்றான். இத்தனை நாடு சுற்றியவன் இத்தனை சுலபத்தில் நம்பலாமா? எனக்கு எரிச்சலாக வந்தது.

டிசம்பர் 20. வெள்ளி

விளையாட்டு அறை பீரோவைப் பூட்டிச் சாவியை என் வளையத்தில் போட்டுக்கொண்டேன். பையன்கள் ஷட்டில்காக்கைத் திருடுகிறார்கள்.

டிசம்பர் 21. சனி

இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

ரிப்போர்ட்டின் இரண்டாவது வரி, உள்பக்க லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது என்பது. டாக்டர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "முழுசா கிழியல சார். மூணு வாரம் கால ஊணாம இருந்தாருன்னா தன்னால சேந்துக்கிடும். இதோட ஆடினாருன்னா மொத்தமும் போவும்." பதினேழாம் தேதியிலிருந்து மூன்று வாரம் என்றால் ஜனவரி 7. பத்தாம் தேதி அவன் தாய்லாந்தில் இருக்கலாம். கணக்கு அவ்வளவு சரியாக வருகிறது.

இன்று காலை டயனீசியுஸ் ஃபாதரிடம் போனேன். எல்லாம் சொல்லிவிடத்தான் போனேன். சுற்றி வளைத்து, "வாசிச்ச பேரை மாத்தணும்னு வந்தா என்ன செய்யது ஃபாதர்?" என்று கேட்டேன். ஊர் வழக்கம், முடியாது என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீரை உறிஞ்சிவிட்டு, "அது என்ன வேதக் கட்டளையா சாரே? நாளைக்குப் பூசையில வேற பேரு வாசிச்சாப் போச்சு. யாருக்காவது சுகமில்லியா?" என்றார்.

"இல்ல ஃபாதர். சும்மா கேட்டேன்."

கதவைத் திறந்து வைத்தார். நான்தான் திரும்பி வந்தேன். வந்தால் கில்டா அலமாரியில் செசில் படத்துக்குப் பக்கத்தில் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன். "கப்பு வந்தா முதல்ல நம்ம வீட்டுல வைக்கணும்னு பெல்லார்மின் சொல்லிட்டுப் போனான். இடம் வேணும்லா? நானும் இருபத்தெட்டாம் தேதி மைதானத்துக்கு வரேன்" என்றாள்.

அவனே எத்தனை வலியோடு ஆடியவன். எத்தனை டாக்டர்கள் இப்படிச் சொல்லி ஒன்றும் ஆகாமல் போயிருக்கும். பாதிதான் கிழிந்திருக்கிறது.

டிசம்பர் 25. புதன்

வால்டெமிர் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். ஆப்பமும் மாட்டுக்கறியும். முந்திரிக்கொத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு ஏழெட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மகளை வீடியோவில் கூப்பிட்டு எங்கள் அடுக்களையைக் காட்டினான். கில்டா முந்தானையைச் சரி செய்துகொண்டு கையசைத்தாள். அந்தப் பெண் ஏதோ கேட்டது, இவன் என்னைக் காட்டி நீளமாகப் பதில் சொன்னான். என்ன சொன்னாய் என்றேன்.

"இவர்தான் என் காலைப் பார்த்துக்கொள்கிறார் என்றேன்."

நான்தான் தினமும் அவன் முழங்காலுக்குக் கட்டுப் போடுகிறேன். இறுக்கமாகவும் நேர்த்தியாகவும் போடுகிறேன்.

டிசம்பர் 28. சனி

ஜெயித்தோம். 1-0.

டிசம்பர் 29. ஞாயிறு

அறுபத்து மூன்றாம் நிமிடம். பெல்லார்மின் இடதுபுறத்திலிருந்து தூக்கிப் போட்டான். வால்டெமிர், தடுத்து நின்ற இரண்டு ஸ்டாப்பர்களுக்கு நடுவே எழும்பித் தலையால் முட்டினான். கோல். எங்கள் பெண்கள் கூட்டத்தில் கில்டா எழுந்து நின்று வாய்விட்டுக் கத்துவதைப் பார்த்தேன், "செசிலே!" என்றுதான் கத்தினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் கீழே இறங்கியதை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. காய்ந்த ஓலை மட்டையை மடக்கி ஒடிக்கிற சத்தம். அவன் கத்தவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடிப்போனேன். முதல் கேள்வி, "கோலா புரொஃபெசோர்?" என்பது. கோல் என்றேன். ஸ்டிரெச்சரில் தூக்கினோம். கடையந்துறைக்காரர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். பெல்லார்மினும் மற்றவர்களும் மிச்ச நேரத்தை உயிரைக் கொடுத்துக் காத்தார்களாம். நான் ஆம்புலன்ஸில் இருந்தேன். பதினோரு வருடம் எந்த விசில் சத்தத்துக்குக் காத்திருந்தேனோ அதை நான் கேட்கவில்லை.

நாகர்கோவிலில் சேர்த்திருக்கிறோம். புதிய ஸ்கேன் எடுத்தார்கள். உள்பக்க லிகமென்ட் முழுதும் போய்விட்டது, நடுவில் உள்ளதும் போய்விட்டது. "இனி விளையாட்டு இல்ல. நடக்க வைக்கலாம்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "பழைய கிழிசல் ஒண்ணு இருந்த மாதிரி இருக்கே. முன்னால ஸ்கேன் ஏதும் எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

வால்டெமிர் என்னைப் பார்த்தான். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டான். பழைய படம் இருக்கிறதா என்கிறார் என்றேன்.

"இருந்தது. அதில் நீர் மட்டும்தான் என்று சொல்லுங்கள்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முனகினான்.

தமிழில் டாக்டரிடம், "எடுத்தோம் சார். தொலைஞ்சு போச்சு" என்றேன்.

டிசம்பர் 31. செவ்வாய்

கோப்பை எங்கள் வீட்டில் இருக்கிறது. ஊரே வந்து பார்த்துப் போகிறது. வருகிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். 2008 பெனால்ட்டியை வைத்து என்னைக் கிண்டல் செய்து வந்த பனியடிமை அண்ணன், "சாரே, கடன் தீந்துது" என்றார். அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

ஜனவரி 4, 2020. சனி

அறுவையை அவன் நாட்டிலேயே செய்துகொள்கிறான். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட்டுவந்தேன். சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருந்தார்கள். பெல்லார்மின் அழுதான்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வால்டெமிர் என்னை மட்டும் கூப்பிட்டான். ஆடுவது முடிந்தது, ஆனால் பயிற்சியாளர் வேலை போகவில்லை என்றான். புதிய ஸ்கேனை அவனே எல்தருக்கு அனுப்பிவிட்டானாம். எல்தர் முதலாளியிடம் பேசுகிறார். சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முழங்கால் வேண்டியதில்லை. லுவானாவிடம் மார்ச் என்று சொல்லியிருக்கிறான்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "பதினேழு அணியிலும் என் காலைப் பற்றி எனக்கு உண்மை சொன்னவர் கிடையாது. ஊசி போட்டு, ஒன்றுமில்லை போ என்பார்கள். நீங்கள் ஒருவர்தான் ஸ்கேனுக்கு உடன் வந்து, ரிப்போர்ட்டுக்காக மறுபடியும் பஸ் ஏறிப் போனவர். அன்று நீர்தான் இருந்தது. உடைந்தது இறுதி ஆட்டத்தில். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?"

அழுதுவிட்டேன். அத்தனை பேர் பார்க்க, நாற்பத்தாறு வயதில். அவன் என் முதுகைத் தட்டி "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்" என்றான். பிரச்சினை இல்லை என்று அர்த்தம். சொல்லிவிட வாய் திறந்தேன். நாற்காலி தள்ளுகிறவர் நேரமாச்சு என்றார்.

நேரம் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஜனவரி 9. வியாழன்

நன்றிப் பூசை பற்றிப் பேச டயனீசியுஸ் ஃபாதர் வீட்டுக்கு வந்திருந்தார். கில்டா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அப்போது போன் வந்தது. புது எண். எல்தர்.

நல்ல ஆங்கிலம், மரியாதையான குரல். "மிஸ்டர் கிளீட்டஸ், ஒரே ஒரு கேள்வி. எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்தார். இரண்டு கிழிசல்கள், ஒன்று படம் எடுக்கும்போதே இரண்டு வாரம் பழையது என்கிறார். எங்களுடன் ஒப்பந்தம் பேசிவிட்டு, காயத்தை மறைத்துக்கொண்டு ஆடியிருக்கிறான், ஏமாற்றுக்காரன் என்கிறார் முதலாளி. வால்டெமிர் தனக்கு நீர்க்கோவை என்றுதான் சொல்லப்பட்டது என்கிறான். எனக்கு அவனைப் பதினைந்து வருடமாகத் தெரியும். ஆனால் முதலாளி கண்ணில் நான் அவன் நண்பன், என் சொல் செல்லாது. ரிப்போர்ட் உங்கள் கைக்குத்தான் வந்தது என்றான், மிஸ்டர் கிளீட்டஸைக் கேளுங்கள், அவர் உண்மை சொல்வார் என்றான். அவனுக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். வேலை அவனுடையது."

ஃபாதர் காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். இருபத்தோராம் தேதி நான் அவரிடம் என்ன கேட்டேன் என்பதும் தெரியும். கில்டா கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ?" என்றார் எல்தர். "அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஆங்கிலத்தில் இரண்டே சொல். அவனுக்குத் தெரியும் என்றேன்.

எல்தர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"ஆரு, என்னவாம்?" என்றாள் கில்டா.

"வால்டருக்க கூட்டுக்காரன். சொகம் விசாரிச்சான்."

"நல்ல மனுசன். அவருக்க காலுக்கு வேளாங்கண்ணிக்கு நேந்திருக்கேன் ஃபாதர்" என்றாள்.

ஃபாதர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

எண் போனில் இருக்கிறது. கூப்பிட்டுத் திருத்திச் சொல்லலாம்.

ஜனவரி 10. வெள்ளி

கூப்பிடவில்லை. பொங்கல் விளையாட்டு விழாவுக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்கினேன், நாலு மூட்டை.

ஜனவரி 11. சனி

கூப்பிடவில்லை. விளையாட்டு அறை பீரோவிலிருந்து படத்தையும் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பள்ளிக்குப் பின்னால் எரித்தேன். காகிதம் எரிந்தது. படம் சுருண்டு உருகி, கல்லில் ஒட்டிக்கொண்டது. கம்பியால் சுரண்டினேன்.

ஜனவரி 13. திங்கள்

வால்டெமிரிடமிருந்து குரல் செய்தி. அறுவை முடிந்துவிட்டது. குரல் மெலிந்திருக்கிறது.

"புரொஃபெசோர், தாய்லாந்து இல்லை. எல்தர் என் போனை எடுக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு வரி அனுப்பியிருக்கிறார்கள், காரணம் போடவில்லை. நீங்கள் எனக்காக நன்றாகப் பேசியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான். உங்கள்மேல் தவறில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். லுவானாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் பெட்டி அடுக்கிவிட்டாள்."

மூன்று தடவை கேட்டேன். கில்டா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "வால்டருக்க கொரலுல்லா? எனக்கும் போடுங்க" என்றாள். போட்டேன். தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"என்ன சொல்லுதாரு?"

"கப்ப நல்லாப் பாத்துக்கிடச் சொல்லுதான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தெனமும் தொடச்சுத்தான் வைக்குதேன்னு சொல்லுங்க. இப்பவே எழுதுங்க, நான் பாக்கணும்" என்று பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கில்டா தினமும் கோப்பையைத் துடைத்து வைக்கிறாள் என்று ஆங்கிலத்தில் எழுதி அவனுக்கு அனுப்பினேன்.